தோற்பவருக்கான ஜாஸ்

கனடாவின் ஸ்டூடியோ எம்.டி.எச்.ஆர். 2017இல் வெளியிட்ட 'கப்ஹெட்' விளையாட்டில், சிரித்து ஆடிக்கொண்டே சண்டைக்கு வரும் கார்னேஷன் பூ ஒன்று உண்டு. அந்தக் கட்டத்துக்கு கிறிஸ்டோஃபர் மாடிகன் அமைத்த இசை 'ஃப்ளோரல் ஃப்யூரி'. பிக் பேண்ட் கலைஞர்கள் நேரில் வாசித்துப் பதிவான ஜாஸ். சம்பா தாளம் துரத்த, ட்ரம்பெட்டுகள் சீறும்.

வென்றால் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நானோ அரை நிமிடத்துக்குள் செத்துச் செத்துத் திரும்பினேன். ஒவ்வொரு முறையும் இசை முதலிலிருந்து. தொடக்கம் மனப்பாடமாயிற்று; பிற்பகுதி பல நாள் காதில் விழவேயில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். ஜாஸின் உயிர் மனோதர்மம். அதே வாசிப்பை நூறு முறை கேட்டால் அது உறைந்துபோகாதா? உறைந்துதான் போகிறது. ஆனால் மாறாத அந்த வாசிப்பின் மேல் என் விரல்கள் மாறிக்கொண்டேயிருந்தன. எங்கே குதிப்பது, எங்கே குனிவது என்று ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு. மனோதர்மம் வாசிப்பவரிடமிருந்து விளையாடுபவர் கைக்கு வந்துவிட்டது.

இப்போது அந்த இசையைத் தனியே போட்டுக் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் மட்டும் இல்லை. அதுவும் அதில் ஒரு வாத்தியம்.