‘இனம்’ என்னும் சொல்லும் கால்டுவெல்லின் பின்னிணைப்பும்

‘தமிழினம்’, ‘திராவிட இனம்’ என்னும் தொடர்கள் இன்று ஆய்வுரைகளில் விளக்கம் எதுவும் வேண்டாது ஆளப்பெறுகின்றன. அவற்றில் வரும் ‘இனம்’ என்பது, குருதிவழியால் ஒன்றுபட்டு, உடற்கூற்றால் வேறறியத்தக்க மக்கட் பிரிவைக் குறிப்பதாகவே பலரும் கொள்கின்றனர். சொல் பழையது, இப்பொருள் பழையதன்று. ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என வழங்கும் கருத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழாராய்ச்சியினுட் புகுந்த பின்னரே இப்பொருள் அச்சொல்லின்மேல் ஏறியது. அதனைப் பண்டை நூல்களின்மேல் ஏற்றிப் படிப்பதால் விளையும் பிழை, சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. தமிழ் பேசும் மக்களுள் ஒரு சாராரை நோக்கி, ‘இவர் திராவிடர்தாமா?’ என்று வினவும் அளவிற்கு அஃது ஒரு காலத்துச் சென்றது. அவ்வினா எழுந்த இடமும், பின்னர் அது நூலினின்று நீக்கப்பெற்றவாறும் ஈண்டு ஆராயப்பெறும்.

முதற்கண் சொல்லினை நோக்குவோம். ஆனினம், புள்ளினம் என்றாங்கு ஒருங்கு திரிவனவற்றின் தொகுதியை ‘இனம்’ குறித்தது. இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என வழங்குதல் யாவரும் அறிந்தது. எழுத்திற்கு இனங்கூறுங்கால், பிறப்பிடமும் முயற்சியும் வடிவும் போல்வன பற்றி ஒப்புமை காண்பர் நன்னூலார். திருக்குறளின் 46ஆம் அதிகாரமாகிய சிற்றினஞ்சேராமை இதனினும் தெளிந்த சான்று. நிலத்தியல்பால் நீர் திரிவதுபோலச் சேர்ந்த இனத்தியல்பால் மாந்தர் அறிவு திரியும் என்பது ஆண்டுப் பேசப்படுகின்றது. திரிதல் கூடுமாயின், இனம் என்பது பிறப்போடு ஒட்டியதாதல் இயலாது. சேரவும் சேராதொழியவும் கூடிய ஒன்றையே வள்ளுவர் இனம் என்றார். சிற்றினம் யாதென விளக்கப் புகுந்த பரிமேலழகரும் நன்மை தீமை இல்லை என்பாரையும் ஒழுக்கம் தவறியோரையும் சுட்டினாரேயன்றி, ஒரு குலத்தாரைச் சுட்டினாரல்லர். சுற்றம், குலம் என்னும் பொருள்களிலும் இச்சொல் வழங்கியதுண்டு. ஆண்டும் மண்டையோட்டின் வடிவும் மூக்கின் அகலமும் அதனுள் அடங்கியிருக்கவில்லை.

இதுகொண்டு பண்டைத் தமிழகத்தில் பிறப்பால் இழிவு கற்பிக்கும் வழக்கம் இல்லை என முடிவு செய்தல் கூடாது. அங்ஙனம் எழுதுவார் இன்றும் உளர். அவர் புறநானூற்றை முழுதும் படித்திலர் போலும். 170ஆம் பாட்டில் துடி கொட்டுவோன் ‘இழிபிறப்பாளன்’ எனப்படுகின்றான். 82ஆம் பாட்டிற் கட்டில் பிணிப்போனும், 287ஆம் பாட்டிற் பறை முழக்குவோனும் ‘இழிசினன்’ என்னும் பெயர் பெறுகின்றனர். ஆயின் இவ்விடங்களில் இழிவு தொழிலையும் பிறப்பையும் பற்றி நிற்கின்றது. இவர் வேற்று மக்கள், வேற்று நாட்டார் என்னும் குறிப்பு யாண்டும் இல்லை. வேற்று நாட்டாரைப் பற்றிய வாய்பாட்டு வருணனை வேறு வகையது. முல்லைப்பாட்டு யவனரின் உடையையும் அஞ்சத்தக்க தோற்றத்தையும் கூறி, மிலேச்சரைப் பேச்சொழிந்து சைகையால் உணர்த்துவோராகக் காட்டுகின்றது. அயலாரை அயலாராக்கியது அங்கு மொழியே. தாழ்ந்தவன் வேறு, அயலான் வேறு என்னும் இப்பாகுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்; பிற்காலத்தார் குழப்பியது இதனையே.

1856இல் முதற்கண் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் மொழிகளின் உறவை நிறுவிய நூல். அதன் பெருமை ஈண்டு விரித்தல் வேண்டா. எல்லிஸ் 1816இல் தென்மொழிகளின் உறவைக் காட்டியபோது அது மொழியாராய்ச்சியாகவே நின்றது. கால்டுவெல்லோ மொழிக்குடும்பத்தைக் கண்டதோடு அமையாது, அம்மொழி பேசுவோரின் உடலமைப்பையும் ஆராயப் புகுந்தார். 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலுள்ள பின்னிணைப்புகளுள் ஒன்று தென்னாட்டுப் பறையர் திராவிடரா என வினவுகின்றது. மற்றொன்று நீலகிரித் தோடரைப் பற்றி அவ்வாறே வினவுகின்றது. திராவிடரின் உடற்கூற்றைப் பற்றியும் தனியே ஒரு பகுதி உண்டு.

பறையரைப் பற்றிய ஆய்வில் அவர் முடிவு நேரியது. அவர் திராவிடரின் வேறாய தொல்குடியினர், வென்று அடிமைப்படுத்தப்பட்டோர் என்னும் கொள்கைக்குப் போதிய சான்றில்லை எனக் கண்டு, அவர் திராவிடரே என்னும் பக்கமே அவர் சாய்கின்றார். அவர்தம் பெயரையும் பறை என்னும் கருவியின் வழித்தாகவே கொண்டார். முடிவு பற்றி நமக்குப் பிணக்கில்லை. திறனாய்விற்குரியது வினாவே. வேளாளர் திராவிடரா என்று ஒரு பின்னிணைப்பு எழுதப்படவில்லை. அது தானே விளங்குவதாகக் கொள்ளப்பட்டது. சேரியில் வைக்கப்பட்டோர்க்கு மட்டும் சான்று காட்டும் சுமை ஏற்றப்பட்டது. பேசும் மொழி தமிழ்; வாழும் நிலம் தமிழ்நிலம்; மொழியே உறவின் அளவுகோல் என நிறுவிய நூலில், அவ்வளவுகோல் இவர்க்கு மட்டும் போதாதாயிற்று. ஊரார் இவரைத் தாழ்த்தி வைத்திருந்தனர் என்பதன்றி ஐயத்திற்கு வேறு அடிப்படை யாது? சமுதாயம் இட்ட வேலியைக் கண்டு, அதனை இயற்கை இட்ட வேலியோ என ஆராய்ச்சி மயங்கியது. தாழ்ந்தவனை அயலானாக்கும் புதிய வழி இவ்வாறு திறந்தது.

கால்டுவெல் எக்காலத்தும் இத்துணை எச்சரிக்கையுடன் எழுதினார் எனலும் ஆகாது. 1849இல் அவர் வெளியிட்ட ‘திருநெல்வேலிச் சாணார்’ என்னும் சிறுநூல், இன்று நாடார் எனப்படும் மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் ஒட்டுமொத்தமாக எடைபோட்டு இழித்துரைத்தது; அவர் இலங்கையினின்று வந்தேறியவர் எனவும் கூறியது. 1880களில் அச்சமூகத்தார் அதனை வன்மையாக மறுத்தனர். ஒப்பிலக்கணத்திற் சான்று தேடிய அதே கை, முப்பதாண்டிற்கு அணித்தாக முன்னர் ஒரு மக்கட் கூட்டம் முழுமைக்கும் ஒரே முகம் வரைந்தது.

இனிப் பதிப்பு வரலாறு. 1913ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இப்பின்னிணைப்புகள் இடம்பெறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் பின்னர் மறுபதிப்பாக வெளியிட்டதும் அதனையே. ஆதலின் பல தலைமுறை மாணாக்கர், பறையர் திராவிடரே எனக் கால்டுவெல் எழுதியதை அறியாமலே கால்டுவெல்லைக் கற்றனர். நீக்கியோர் நோக்கம் நூலைச் சுருக்குதல் மட்டுமே எனக் கொள்ளினும், விளைவு அதனினும் பெரிது. 2008இல் கவிதாசரண் பதிப்பகம் இரண்டாம் பதிப்பை மீண்டும் அச்சிட்ட பின்னரே இச்செய்தி தமிழ்நாட்டிற் பரவலாகப் பேசப்பட்டது.

நூலினின்று நீங்கிய வினா உலகினின்று நீங்கவில்லை. 1891இல் ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளின் உயர்வு தாழ்வைக் கணித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாகத் தென்னாட்டு மக்களை அளந்தார். 1909இல் அவர்தம் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. ஆரியம் என்பது மொழியின் பெயரேயன்றிக் குருதியின் பெயரன்று என 1888இல் மாக்ஸ்முல்லர் எச்சரித்திருந்தும், அளத்தல் நின்றபாடில்லை.

வினாவிற்கு இலக்கானோரின் விடையையும் ஆராய்ச்சியாளர் நோக்குதல் வேண்டும். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்றும், அவர்தம் இழிவு பௌத்தத்தின் வீழ்ச்சிக்குப்பின் சுமத்தப்பட்டது என்றும் எழுதினார். அவர்தம் சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழிநூல் ஏலாது. எனினும் இழிவிற்குக் காரணம் உடலில் இல்லை, வரலாற்றில் உள்ளது என அவர் கண்டது, அளவுகோல் ஏந்தியோர் காணாதது. பின்னர், தீண்டப்படாதோர் திராவிடரால் வெல்லப்பட்ட முன்னைக் குடியினர் என ஸ்டான்லி ரைஸ் கூறியபோது, 1948இல் அம்பேத்கர் தம் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அதனை மறுத்தார். மூக்களவுப் புள்ளிகளையே எடுத்துக்கொண்டு, பார்ப்பனர் ஆரியராயின் தீண்டப்படாதோரும் ஆரியர், பார்ப்பனர் திராவிடராயின் இவரும் திராவிடர் என முடித்தார். எதிர்ப்பக்கத்தார் கருவியாலேயே எதிர்ப்பக்கத்தாரை வென்ற வாதம் அது. கருவியே பயனற்றது என்பது பின்னர் மேலும் தெளிந்தது. மனிதரிடை மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே காணப்படுவதென லெவோன்டின் 1972இற் காட்டினார்.

இந்நிலையில், சங்கப் பாட்டின் ‘இழிபிறப்பாளன்’ என்னும் சொல்லிற்கு ‘இழிந்த இனத்தான்’ எனப் பொருளெழுதும் மாணாக்கன், பாட்டில் இல்லாத ரிஸ்லியைப் பாட்டினுட் புகுத்துகின்றான். அப்பாட்டின் கொடுமை அதனாற் குறைவதுமில்லை. இழித்தோர் செயல் இயற்கையின் செயல்போலத் தோன்றி மறைந்துவிடுகின்றது. அவ்வாறே ஒப்பிலக்கணத்தை மேற்கோள் காட்டுவோர் பதிப்பின் ஆண்டைக் குறித்தல் இன்றியமையாதது. 1875இன் நூலும் 1913இன் நூலும், திராவிடர் யார் என்னும் பொருளைப் பொறுத்தவரை, ஒரே நூல் அல்ல.