முடிவு தெரிந்த கதையின் சுவை

‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற ஆவல்தான் கதைக்கு உயிர் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்கக் கல்கி எழுதிய சரித்திர நாவலான ‘பொன்னியின் செல்வ’னைவிடப் பொருத்தமான நூல் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வந்த தொடர் அது. அத்தியாயம் ஒரு திடுக்கிடலில் நிற்கும். வாசகர் ஒரு வாரம் தவித்திருப்பார். அந்தத் தவிப்பே சுவை என்றால், ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு மூன்றாம் முறை படிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? சோழ இளவரசன் அருண்மொழி ராஜராஜனாவது பள்ளிக்கூடப் பாடம். அவன் அண்ணன் ஆதித்த கரிகாலன் யார் கையால் மாண்டான் என்பதைக் கல்கி கடைசிவரை ஐயத்திலேயே விட்டுவிடுகிறார். முடிவும் தெரிந்ததுதான், புதிருக்கும் விடையில்லை. ஆனாலும் நூல் அலுக்கவில்லை.

காரணம் கதையை நடத்திச் செல்லும் வீரன் வந்தியத்தேவன் என்பேன். அவன் வாள் வீச்சு அல்ல, மாட்டிக்கொள்கிற விதமும் நழுவுகிற விதமும். தஞ்சையில் சக்கரவர்த்தி சுந்தர சோழரிடம் ஓலையைக் கொடுக்கும்போது ‘அபாயம்’ என்று எச்சரிக்கிறான். அது கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. அவர் மடக்கியதும், ‘அபயம்’ என்றல்லவா சொன்னேன் என்று சாதிக்கிறான். கடம்பூரில் அவன் ஒட்டுக்கேட்ட அரியணைச் சதி நமக்குத் தெரியும், சக்கரவர்த்திக்குத் தெரியாது, கோட்டைத் தலைவருக்கோ இவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரியாது. ஒருவர் அறிந்ததை இன்னொருவர் அறியாதபோது சாதாரணப் பேச்சுக்கும் கூர்மை வந்துவிடுகிறது. மறுபடி படிக்கையில் இந்தச் சுவை கூடவே செய்கிறது: நந்தினியின் மனத்தில் இருக்கும் பழிவாங்கும் எண்ணம் தெரிந்தபின், தன் கணவர் பெரிய பழுவேட்டரையரிடம் அவள் பேசும் கனிவான சொற்கள் அச்சமூட்டுகின்றன.

குறைகளும் உண்டு. மறைந்து நின்று ஒட்டுக்கேட்டே கதை அடிக்கடி நகர்கிறது. தற்செயல் அளவு மீறுகிறது. இரகசியம் அதிர்ஷ்டத்தால் காதில் விழுந்தாலும், அதைச் சுமந்துகொண்டு தப்பிக்க வந்தியத்தேவனுக்குப் புத்தி வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் குறைகளைப் பாதி மன்னிக்கலாம்.

ஐந்தாம் பாகத்தை அப்படி மன்னிக்க முடியவில்லை. மொத்தம் 293 அத்தியாயங்களில் 91 அதற்கே போயின. அரியணை யாருக்கு என்ற கேள்வி உச்சம் தொடுவது அங்கேதான். ஆவல்தான் சுவை என்றால் அந்தப் பாகமே மிகச் சுவையாக இருந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. வந்தியத்தேவன் கரிகாலனைக் கொன்ற பழியோடு பாதாளச் சிறையில் கிடக்கிறான்; மற்றவர்கள் பிறப்பு இரகசியங்களை ஒருவருக்கொருவர் விரித்துரைக்கிறார்கள். மறைக்க ஏதுமில்லாதவர்களின் பேச்சு வெறும் தகவலாகிவிடுகிறது.

ஆவலைவிடப் பேச்சே சுவை தரும் என்பது சரித்திரக் கதைக்கு மட்டும் பொருந்துவதா? புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கொலையும் இல்லை, சதியும் இல்லை. தம் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார் ஒரு மனிதர். யாரிடம் எதைக் கேட்கிறார் என்பதில்தான் அத்தனை சுவையும். அடுத்து என்ன என்ற தவிப்பு அங்கே இல்லவே இல்லை.

ஆகவே கல்கியின் திறமையை அத்தியாய முடிவுகளில் தேடுவது தவறு. அந்தத் திருப்பங்கள் வாரப் பத்திரிகையை விற்றன. நூலை எழுபது ஆண்டுகள் தாங்கியது முதல் இரண்டு பாகங்களின் உரையாடல். அவற்றைத் தமிழின் மிகச் சுவையான கதைப் பகுதிகளுள் தயங்காமல் வைப்பேன். ஐந்தாம் பாகம் பாதியாகக் குறைந்திருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.