தேடாமல் கிடைத்த நீர்க்கட்டி

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் அடியில் ஒரு வரி: கணையத்தில் 14 மி.மீ. நீர்க்கட்டி, மேற்கொண்டு பார்க்கவும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது. இந்த வரியை அடுத்த பல ஆண்டுகளுக்கு யார் ஞாபகம் வைத்திருப்பது என்பதில்தான் இந்தியாவும் இலங்கையும் பிரிகின்றன.

வயது ஏற ஏற இந்தக் கட்டிகள் அதிகம் தென்படும். பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை. கணைய நாளத்தின் கிளைகளில் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் வகை மெல்ல மாறக்கூடியது என்பதால் கண்காணிக்கச் சொல்கிறார்கள். 2024-இல் வெளியான கியோட்டோ வழிகாட்டியின்படி, கவலைக்குரிய அடையாளம் ஏதும் இல்லாத இவ்வகைக் கட்டி 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஆறு மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு 18 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 3 செ.மீ.யைத் தொட்டுவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முக்கிய நாளம் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, கட்டிக்குள் 5 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய முடிச்சு தெரிந்தாலோ, கட்டி அடைத்துக் காமாலை வந்தாலோ அறுவை மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம். ஆக, இது ஒருநாள் சோதனையில் தீரும் விஷயமே கிடையாது. பல ஆண்டுகள், ஒரே அளவுகோல், பழைய படத்தோடு புதிய படம்.

தமிழ்நாட்டில் படம் எடுப்பது மிகச் சுலபம். 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்பது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் கலந்துவிட்டது. 2016-இல் சென்னை ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனையே அதைத் தொடங்கியது. மாவட்டத் தலைநகரில் காலையில் போனால் மாலையில் எம்.ஆர்.ஐ. படம் கையில் இருக்கும், டாக்டர் சீட்டுகூடப் பல இடங்களில் கேட்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. ஃபைல் நோயாளியின் பீரோவில் இருக்கிறது. முதல் ஸ்கேன் ஒரு சென்டரில், இரண்டாவது மைத்துனர் சொன்ன வேறொரு சென்டரில். முன்பு 18 மி.மீ., இப்போது 21 மி.மீ. கட்டி வளர்ந்ததா, அளந்த கை மாறியதா? பழைய சி.டி. தொலைந்திருந்தால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. மூன்று டாக்டரிடம் காட்டி மூன்று கருத்து வாங்கியவர், நான்காம் ஆண்டில் எவரிடமும் போகாமல் விட்டுவிடுவது இங்கே சாதாரணம். கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை.

இலங்கையில் கதை தலைகீழ். அரசு வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நோயாளி கிளினிக்கில் சேர்க்கப்பட்டால் கையில் ஒரு கிளினிக் கொப்பி, அதாவது குறிப்பேடு. ஒவ்வொரு தடவையும் அடுத்த திகதியை அதில் எழுதிக் கொடுக்கிறார்கள். திகதி தவறினால் வீட்டில் அம்மாவே அதட்டுவார். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கூடத்தில் விடியற்காலையிலேயே கொப்பியோடு காத்திருக்கும் கூட்டம், பல ஆண்டுக் கண்காணிப்புக்கு ஏற்ற ஒழுங்கு. ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு வரிசை நீளம். பொறுக்க முடியாதவர்கள் தனியாரிடம் காசு கட்டிப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் அரசு கிளினிக்குக்கே வருகிறார்கள். பகலில் கிளினிக்கில் பார்த்த அதே நிபுணரை மாலையில் 'சனல் பண்ணி', அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் பதிந்து, பார்ப்பதும் உண்டு. இரண்டு வழியும் ஒரே டொக்டரில் முடிவதால் தொடர்ச்சி அறுவதில்லை. அதுவும் அவர் நாட்டில் இருக்கும்வரைதான்: 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிபுணர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். கொப்பி இருக்கிறது, எழுதியவர் இல்லை.

உணவுக்குழாய் வழியாக உள்ளே செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் தேவைப்பட்டால் இந்தியாவின் பக்கம் தட்டு தாழ்கிறது. சென்னை, வேலூர், ஐதராபாத் என்று தேர்ந்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது பெரும்பாலும் கொழும்புப் பக்கம், அதாவது 400 கி.மீ. பயணம். வசதியுள்ளவர்கள் சென்னைக்கே பறந்து வந்துவிடுகிறார்கள்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு தனி விஷயமும் உண்டு. ஸ்கேனில் கட்டிக்குப் பதிலாகக் கணையத்தில் கற்கள் தென்படலாம். மது தொடாத இளைஞரிடமும் கணையக் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை, கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் விரிவாக ஆராய்ந்தார். இந்நோய் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் கணையப் புற்று வரும் ஆபத்தும் கூடுதல். அறிக்கையில் கணையக் கல் என்ற வரியைப் பார்த்தால் சர்க்கரைப் பரிசோதனை அன்றே செய்யவேண்டும். இந்தியாவில் காசநோயும் கணையத்தில் கட்டிபோல் வேடம் போடும். திசு எடுத்துப் பார்க்காமல் புற்று என்று முடிவு கட்டி வீட்டையே துக்க வீடாக்குவது கொடுமை.

செலவு? தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீடு பெரிய அறுவைக்குக் கைகொடுக்கும். தனியார் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், வருடாந்தர எம்.ஆர்.ஐ. சொந்தக் காசு. கட்டி வளராத மனிதர் மூன்றாவது வருடமே 'ஒண்ணும் இல்லையே' என்று நிறுத்துவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். வெறுமனே கண்காணிக்கவேண்டிய கட்டிக்கு இலங்கையின் கொப்பி மேல். சந்தேகம் எழுந்தபின் இந்தியாவின் வேகம் மேல்.

எந்தக் கரையில் இருந்தாலும், அறிக்கை வாங்கும்போது இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: கட்டியின் அளவு, முக்கிய நாளத்தின் அகலம். படத்தின் சி.டி.யைப் பத்திரப்படுத்துங்கள், முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள். சாதாரண அல்ட்ராசவுண்டில் குடல் வாயு மறைத்துக் கணையத்தின் வால் பகுதி தெரியவில்லை என்று எழுதியிருந்தால், அதை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையில் கண் மஞ்சளித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.