மினிமல் டெக்னோ: கேட்பதற்கா, கலப்பதற்கா, ஆடுவதற்கா?

டெட்ராய்ட் நகரின் டெக்னோ இசையிலிருந்து கிளைத்தது மினிமல் டெக்னோ. அதன் அடிப்படைப் படைப்பாகக் கருதப்படுவது ராபர்ட் ஹூட் 1994இல் வெளியிட்ட ‘மினிமல் நேஷன்’. தாளமும் மீண்டும் மீண்டும் வரும் சில சுரங்களும் தவிர, ஏனையவற்றை அவர் பெரிதும் நீக்கிவிட்டார். அமர்ந்து கேட்போர் இதில் எதுவும் நிகழவில்லை எனக் குறைகூறுவர். நாமும் முதன்முறை பாதியிலேயே நிறுத்தினோம்.

ஆயின், நீக்கப்பட்ட இடம் வெற்றிடமன்று. டிஜே ஒருவர் ஓர் இசைத்தட்டின்மேல் மற்றொன்றை ஏற்றுகையில், இரண்டும் மோதாமல் பொருந்துவதற்கு அதுவே வழிவிடுகிறது. ரிச்சி ஹாட்டினின் ‘டிஇ9: குளோசர் டு தி எடிட்’ (2001) இப்பண்பை அதன் எல்லைவரை கொண்டுசென்றது, பலருடைய பதிவுகளைச் சிறு துண்டுகளாக்கி ஒரே நெசவாக்கினார் அவர். எனவே இவ்விசை கலவைக்கே உரியது என்போர் வாதம் வலியதே. எனினும் அவரே ‘பிளாஸ்டிக்மேன்’ என்னும் பெயரில் 1998இல் தந்த ‘கன்சூம்ட்’ தனிமையில் கேட்பதற்கே உரியது. அதனை நாம் விதிவிலக்காகவே கொள்கிறோம்.

கலவையும் ஆடுவோரை நோக்கியதே என்பது நம் துணிபு. நெடுநேரம் ஒரே தாளத்தில் அசையும் உடல், ஒரு சிம்பல் ஒலி இம்மியளவு தள்ளி விழுவதையும் உடனே பற்றிக்கொள்கிறது. நாற்காலியில் அமர்ந்திருந்த நமக்கு அது தப்பிவிட்டது.