கருத்தடையும் கருக்கலைப்பும்: ஒரு சொல் மயக்கம்

கலைச்சொல்லாக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் இயற்பியல், வேதியியற் சொற்களையே எடுத்துக்கொள்வர். மக்கள் நாவில் வழங்கி அவர்தம் உடல்நலத்தைத் தொடும் மருத்துவச் சொற்கள் ஆராய்ச்சிக்கு வருவது அரிது. அவற்றுள் ஒன்றாகிய 'அவசர கருத்தடை மாத்திரை' என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பொருளைத் தெளிதல் வேண்டும். இம்மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்தினால் இயன்றது, 1.5 மில்லிகிராம் அளவினது. பாதுகாப்பின்றிக் கூடியபின் 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக, உட்கொள்ளத்தக்கது. சினைப்பையினின்று முட்டை வெளிப்படுதலைத் தடுத்தோ காலம் தாழ்த்தியோ இது பயன் தருகின்றது. கரு முன்னரே நிலைபெற்றிருப்பின் இஃது அதனைக் கலைப்பதில்லை. கருவைக் கலைப்பன மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் வேறு மருந்துகள். அவை 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டு மருத்துவர் வழியே பெறத்தக்கவை. லெவோநார்ஜெஸ்ட்ரலோ 2005-இல் மருத்துவர் சீட்டின்றி விற்க இந்தியாவில் இசைவு பெற்றது.

இத்துணை வேறுபாடு இருக்கவும் இரண்டும் ஒன்றாக மயங்குவது ஏன்? அச்சம், அறியாமை எனக் காரணம் கூறுவர். அவை உண்மையே. ஆயினும் சொல்லின் அமைப்பிலும் ஒரு குறை உண்டு என்பது எம் கருத்து. 'கருக்கலைப்பு' என்பது கருவைக் கலைத்தல் என எளிதின் விரியும். 'கருத்தடை' என்பதனைக் கருவிற்குத் தடை என விரித்தால், கரு என ஒன்று உளதாகி, பின்னர்த் தடை அதன்மேற் செல்வதாகவே கேட்போர்க்குத் தோன்றும். 'கரு உண்டாதற்குத் தடை' என்பதன்றோ கருதிய பொருள்? அதற்கு இன்றியமையாத 'உண்டாதல்' என்னும் சொல்லே தொகையில் மறைந்துவிட்டது. (கருத்து, அடை எனப் பிரித்துப் பொருள் காண்பாரும் இருத்தல் கூடும்; அது நகைக்கு இடமாவதன்றிக் கேடு பயவாது.)

வழக்கு இன்னும் ஒரு சிக்கலைச் சேர்த்துள்ளது. பேச்சு வழக்கில் 'குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்' என்றால் அறுவை முறையையே குறிக்கும். 'கருத்தடை' என்பதும் பலர் செவியில் அந்நிலையான தடையையே நினைவூட்டுகின்றது. எனவே, ஒருத்தி கடைக்காரரிடம் இச்சொல்லைக் கூறுமிடத்து, ஒருவர் அதனை அறுவையோடும் மற்றொருவர் கலைப்போடும் இயைத்துக் கொள்வர். தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றில் இம்மாத்திரை கிடைப்பதில்லை எனச் செய்தித்தாள்கள் எழுதியுள்ளன. அதன் விற்பனையைத் தடுக்கும் சட்டமோ யாதும் இல்லை. சட்டம் இசைந்ததைக் கடை மறுப்பதற்குச் சொல் மயக்கமும் துணை செய்கின்றது என்றே கருதுகின்றோம். வன்கொடுமைக்கு ஆளானோர்க்கு இம்மருந்தை அளித்தல் வேண்டும் என நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுதலின், இதனை வெறுஞ்சொற்பூசல் எனத் தள்ளுதல் பொருந்தாது.

'அவசர' என்னும் அடையும் குற்றமுடையதே. தமிழில் அச்சொல் இன்றியமையாமையையும் குறிக்கும். ஆராயாது விரையும் பதற்றத்தையும் குறிக்கும். 'அவசரப்பட்டாள்' என்பது பழியுரையாதலை யாவரும் அறிவர். ஆங்கிலத்தைத் தழுவிச் சிலர் கூறும் 'மறுநாள் மாத்திரை' என்பது அதனினும் தாழ்ந்தது. மறுநாள் கழிந்தால் பயனில்லை எனப் பொய்யான எல்லை வகுப்பது.

'உடனடிக் கருத்தரிப்புத் தடுப்பு மாத்திரை' என்பதனை யாம் முன்மொழிகின்றோம். நீளம் மிகும் என்பர், மிகட்டும். கருத்தரித்தல் என்னும் வினையைப் பழந்தமிழரும் காலம் கணித்து ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியக் கற்பியல் பூப்பினைத் தொடர்ந்த பன்னிரு நாட்களைத் தனித்தெடுத்துக் கூறுகின்றது. அந்நூலைப் பயிலும் நாம் இப்பொருளை எழுத நாணுவது வியப்பே.

கால அளவிலும் ஒரு திருத்தம் வேண்டும். '72 மணி நேரம்' என்பதனை 'மூன்று நாள்' எனப் பெயர்த்தெழுதுதல் பிழைக்கு இடம் தரும். நம் வழக்கில் நிகழ்ச்சி நடந்த நாளையும் சேர்த்தெண்ணுவதே பெரும்பான்மை. வெள்ளி இரவு நிகழ்ந்ததற்கு வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் முடிந்தது எனக் கொண்டு, திங்கட்கிழமை காலையில் ஒருத்தி கடைக்குச் செல்லாது இருந்துவிடுவாள். அவளுக்கோ அன்றிரவு வரை காலம் உண்டு. செம்புக் கருவியை மருத்துவர் பொருத்துவதாயின் ஐந்து நாள் வரையும் வழி உண்டு. துண்டறிக்கைகளில் மணிக்கணக்கே எண்ணால் எழுதப்பெறுதல் வேண்டும். எப்பொழுதிலிருந்து எண்ணுவது என்பதும் உடன் எழுதப்பெறுதல் வேண்டும்.