மலையக நாவலும் கூட்டு வாசிப்பும்

க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) வெளிவந்த பின்னர், நாவலைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் முறை ஈழத்துத் திறனாய்வில் வேரூன்றியது. அதன் பயன் பெரிது. எனினும், மலையக நாவல்களைப் பொறுத்தவரை அதுவே குறுக்குவழியாயும் அமைந்துவிட்டது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தோட்டத் தொழிலாளர் துயருக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. அதன் உரையாடல் எவ்வாறு அமைந்துள்ளது என்ற வினா அருகியே எழுகின்றது.

கண்டிக்கு அருகே, ஹந்தானை மலையடியில் உள்ளது பேராதனை வளாகம். அங்கு லயத்திலே பிறந்து வளர்ந்த மாணவரும் யாழ்ப்பாணத்து மாணவரும் ஒரே நாவலைச் சேர்ந்திருந்து வாசிப்பாராயின் இக்குறை உடனே புலப்படும். பின்னவர் உருகும் இடத்திலே, ‘பிரட்டுக்களத்தில் எவரும் இப்படிப் பேசார்’ என்று முன்னவர் தடை எழுப்பக்கூடும். மதிப்புரைகள் தொடாத மொழிநடை விசாரணை அத்தடையிலிருந்தே தொடங்கும். நந்தியின் ‘மலைக்கொழுந்து’ முதலாய நாவல்களும் அவ்விசாரணைக்கு உட்படல் வேண்டும்.