விளக்கு எரிகிறது, படம் வரவில்லை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பெரம்பலூர், அரியலூர் அரசுப் பள்ளிகளையும் எட்டியது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களில் பல வீடுகளுக்குள் கட்டற்ற மென்பொருள் நுழைந்தது இந்த வழியாகத்தான். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே படிப்பை முடித்தவர்களும் ஏராளம். 2020 ஊரடங்கில் வகுப்புகள் திரைக்கு மாறியபோது, லினக்ஸில் நிலைத்து நின்ற சிலரையும் ஒரு சின்னக் கருவி சோதித்தது: வெப்கேமரா.

லினக்ஸில் கேமரா ஓடாது என்பது பழைய குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. கேமரா நிறுவனங்கள் ஆளுக்கொரு சிப், ஆளுக்கொரு மொழி என்று வைத்திருந்தன. டிரைவர் விண்டோஸுக்கு மட்டும். அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்களில் ஒருவர் மிஷேல் ஸார் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தொடங்கிய ஜிஎஸ்பிசிஏ டிரைவர் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு உயிர் கொடுத்து, 2008இல் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே சேர்ந்தது. அதே ஆண்டு லோரான் பின்ஷார் எழுதிய யுவிசி டிரைவரும் கெர்னல் 2.6.26 பதிப்பில் வந்தது. யுவிசி என்பது யுஎஸ்பி கேமராக்களுக்கான பொது விதி. அதன்படி செய்த கேமராவுக்குத் தனி டிரைவர் வேண்டாம், சொருகினால் போதும். மடிக்கணினி மூடியிலுள்ள கேமராவும் பெரும்பாலும் உள்ளுக்குள் யுஎஸ்பியில் இணைந்ததுதான்.

அதன் பிறகும் படம் வராவிட்டால் லினக்ஸ் தரும் வசதி ஒன்று உண்டு: எதையும் மறைப்பதில்லை. எல்எஸ்யுஎஸ்பி கட்டளை, கேமராவைக் கணினி பார்க்கிறதா என்று சொல்லும். கெர்னல் பதிவேடு, எந்த டிரைவர் அதை ஏற்றது, எங்கே மறுத்தது என்று வரி வரியாகக் காட்டும். வி4எல்2-சிடிஎல், கேமரா தரும் அளவுகளையும் வடிவங்களையும் பட்டியலிடும். கேபிளா, டிரைவரா, செயலியா என்று இந்த மூன்றும் பிரித்துவிடும். 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று வாயை மூடிக்கொள்ளும் மென்பொருள்களுக்கு நடுவே இது பெரிய விஷயம்.

ஆனால் காட்டுவதெல்லாம் புரிகிறதா? ஒரே கணினியில் இரண்டு கேமரா சொருகினால் சில நேரம் 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழை வரும். பார்ப்பவர் வன்வட்டு நிரம்பிவிட்டது என்று படங்களை அழிக்கத் தொடங்குவார். நிரம்பியது யுஎஸ்பி பாதை. 640க்கு 480 அளவில் நொடிக்கு 30 படங்களைச் சுருக்காமல் அனுப்பவே ஏறத்தாழ 147 மெகாபிட் வேண்டும். 1280க்கு 720 என்றால் 442. யுஎஸ்பி 2.0இன் மொத்தத் திறனே ஏட்டளவில் 480. அதையும் கேமரா முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, தேவைக்கு மேலேயே இடம் கேட்டு அடம்பிடிக்கும் கேமராக்களும் உண்டு.

இங்கேதான் தீர்வுக் கட்டளைகளைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கத்தின் பெரிய குறை வருகிறது. கேமரா சொல்லும் கணக்கை நம்பாமல் யுவிசி டிரைவரே கணக்கிட, 'குவர்க்ஸ்=128' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டு கேமரா சிக்கலுக்கு நல்ல மருந்து. அது பொதுவாகச் சுருக்காத படங்களுக்கு மட்டுமே என்ற குறிப்பு உடன் பயணிப்பதில்லை. சுருக்கிய எம்ஜெபெக் வடிவில் ஓடும் கேமராவுக்கும் அதையே ஒட்டிவிட்டு, பலன் இல்லை என்று லினக்ஸைத் திட்டுகிறார்கள். பழைய செயலிகளுக்காக ஹான்ஸ் டி கூடே 2008இல் உருவாக்கிய லிப்வி4எல் நூலகத்தின் கதையும் இதுவே. அதை முன்கூட்டியே ஏற்றும் கட்டளை அன்று பலருக்குப் படம் வரவைத்தது. அந்தச் செயலிகள் நம்பியிருந்த பழைய வி4எல்1 இடைமுகம் 2011இல் கெர்னலைவிட்டே போனது. அது தேவைப்பட்ட செயலிகளும் மெல்ல மறைந்தன. கட்டளை மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தக் கெர்னல், எதற்காக என்ற மூன்று விவரங்களும் இல்லாத கட்டளை, தேதி கிழிந்த மருந்துச் சீட்டுதான்.

விவரம் தெரிந்தவர்களையும் தடுக்கி விழவைக்கும் மாற்றங்கள் வேறு. 2018இல் வந்த 4.16 கெர்னலிலிருந்து, ஒரே யுவிசி கேமரா வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயரில் நிற்கும். இரண்டாவது, படத்தோடு வரும் உபரித் தகவலுக்கானது. அதில் படம் வராது. செயலியில் அதைத் தேர்ந்துவிட்டு கேமரா போச்சு என்று முடிவு கட்டுவது எளிது.

பெரம்பலூரில் கணினிப் பழுது பார்க்கும் ஒருவரின் இடத்திலிருந்து பார்த்தால், விண்டோஸை ஏற்றித் தருவது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு. ஒரு மணி நேரம் பதிவேட்டைப் படிப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. லினக்ஸின் திறந்த தன்மை அவருக்கும் உதவ வேண்டுமானால், முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதை விலக்குவது என்ற வரிசை தமிழில், தேதியோடு வேண்டும். கட்டளைத் தொகுப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

அந்த வரிசையையும் அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கும். இன்டெலின் ஐபியு6 என்ற படச் செயலாக்க அலகைப் பயன்படுத்தும் சில புதிய மடிக்கணினிகளில் கேமரா யுஎஸ்பியிலேயே இல்லை. எல்எஸ்யுஎஸ்பி அதைக் காட்டாது. சென்சாரின் கச்சாப் படத்தை வாங்கும் டிரைவர் 2024இல் 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. அதைப் பார்க்கத்தக்க படமாக்கும் மென்பொருளை லிப்கேமரா நூலகத்தில் கொண்டுவந்தவர்களில் அதே ஹான்ஸ் டி கூடேயும் ஒருவர்.